முன் எஞ்சினில் யார்

அன்புள்ள கணவருக்கு,

வணக்கம். இங்கே நான் நலம், உங்கள் அம்மாவும் நலம். அங்கே உங்கள் நலமறிய ஆவல் என்று அடுத்த வரி எழுத வேண்டும். இந்தத் தடவை அந்த ஆவல் எனக்கு வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் பாதி வாக்கியம் சொல்வதற்குள் மீதியை நீங்கள் சொல்லி முடித்துவிடுகிறீர்கள். அதுவும் நான் சொல்ல வந்ததை அல்ல, உங்களுக்கு வசதியானதை. தாளில் அது நடக்காது. நான் முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆகவேண்டும். இந்த யோசனை எனக்குக் கல்யாணமான புதிதிலேயே வந்திருக்கக் கூடாதா என்று இப்போது இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் அம்மா பெட்டி கட்டிவிட்டார். நான் உங்களிடம் வந்து சேர்ந்தால் அவர் உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாகத்தானே பேச்சு. நான் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்த பல் செட்டை வாயில் போடாமல், பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறார். கேட்டால், "அங்க போயி போட்டுக்கறேன், இங்க யாரு என்னப் பாக்கறா"ங்கிறார். குளியலறைச் சுவரில் ஈரம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. பிளம்பர் வந்தார், சுவரைத் தட்டினார், உள்ளேதான் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததையே சொல்லிவிட்டுப் போனார்.

பல் செட் செய்யும் லேபில் என் பெஞ்சுக்கு ஒரு புதுப் பெண்ணை முதலாளி பார்த்து வைத்திருக்கிறார். வந்த அன்றைக்கே, டாக்டர்கள் அனுப்பிய பல் அச்சுகளை அவள் இரண்டு விரலால் நுனியில் பிடித்துத் தூக்கினாள். "யாரோ கடிச்சுத் துப்புனது, வாசனையாவா இருக்கும்? கழுவு, பிளாஸ்டர் மாவு ஊத்து, வேலையப் பாரு"ன்னு சொன்னேன். என்னைப் பார்த்து, "உங்களுக்கு அருவருப்பா இல்லையாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றுதான் சொன்னேன். அது உண்மையும்கூட. ரத்தம் ஒட்டிய அச்சு, நேற்றுச் சாப்பிட்டது ஒட்டிய அச்சு, புகையிலைக் கறை, எல்லாம் என் கை பார்த்திருக்கிறது. குழாயைத் திறந்தால் போய்விடும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு ஒரு அருவருப்பு வந்திருக்கிறது. எந்தக் குழாயடியில் போய் நின்றாலும் அது போகமாட்டேன் என்கிறது.

மாதக் கடைசியோடு வேலையை விட்டு நிற்கிறீர்களா இல்லையா, புதுப் பெண்ணுக்குத் தான் வாக்குக் கொடுக்க வேண்டும் என்று முதலாளி தினமும் கேட்கிறார். நீங்கள் அனுப்பிய பயணச்சீட்டு மேஜையில் இருக்கிறது. வருகிறேன் என்று நான் உங்களிடம் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் சொன்ன ஒரு 'வருகிறேன்' அது. அதை நான் யாருக்குச் சொன்னேன் என்பதுதான் இப்போது பிரச்சினை.

உங்களுக்கு மறந்திருக்கும், நான் ஞாபகப்படுத்துகிறேன். நீங்கள் அங்கே குளிர்கிடங்கு வேலைக்குப் போன புதிதில் போனை எடுத்தாலே நமக்குள் சண்டை. உடம்பு எப்படி என்று ஆரம்பித்தால்கூட சண்டையில் போய் முடியும். அப்போது நீங்களாகத்தான் இந்த ரயில் சிமுலேட்டரைக் கண்டுபிடித்தீர்கள். இங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் அதை எப்படிப் போடுவது என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தீர்கள். "பேசுனாத்தான சண்ட? பேசாம ஒரு வண்டிய ஓட்டுவோம், ஞாயித்துக்கிழம மட்டும்" என்றீர்கள். மலை ஏறும் நீராவி வண்டி. முன்னால் ஒரு எஞ்சின் இழுக்கும், பின்னால் ஒரு எஞ்சின் தள்ளும். முன்னால் நீங்கள், பின்னால் நான். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, பேச வேண்டாம், விசில் மட்டும்தான். முன்னால் இருப்பவர் இரண்டு குட்டை விசில் ஊதுவார், நான் பதிலுக்கு இரண்டு ஊதுவேன். அதன் பிறகுதான் இரண்டு பேரும் ஒன்றாக நீராவியைத் திறக்க வேண்டும்.

எனக்கு ரயில்மேல் என்ன ஆசை இருந்தது சொல்லுங்கள். எனக்கும் வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. ஆறு நாள் பெஞ்சில் குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டிருக்கும். ஆனாலும் நீங்கள் ஆசையாகக் கேட்டீர்களே என்று கற்றுக்கொண்டேன். கரியை எப்போது போடுவது, வழுக்கும் இடத்தில் மணலை எப்போது தூவுவது, முன்னால் இருப்பவர் தளர்கிறார் என்பதை என் வண்டியின் முனகலை வைத்தே எப்படித் தெரிந்துகொள்வது, எல்லாம். கொஞ்ச நாளில் எனக்குப் படிந்துவிட்டது. உங்களுக்குத்தான் படியவில்லை.

கோபிக்காதீர்கள், சொல்லத்தான் வேண்டும். நான் பதில் விசில் ஊதுவதற்குள் நீங்கள் திறந்துவிடுவீர்கள். முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு அதே இடத்தில் சுற்றும், பெட்டிகள் எல்லாம் ஒரு இழுப்பு இழுக்கும், பின்னால் நான் அவசர அவசரமாக ஓடிவந்து முட்டுக் கொடுக்க வேண்டும். போனில் என் வாக்கியத்தை முடித்துவைக்கிறீர்களே, அதே புத்திதான். பிறகு அந்தத் தண்ணீர் விவகாரம். ஏற்றத்தில் எஞ்சின் மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும்போது பாய்லரில் இருக்கும் தண்ணீர் எல்லாம் பின்பக்கம், நெருப்புப் பெட்டி இருக்கும் பக்கம் வந்து தேங்கும். அளவு காட்டும் கண்ணாடி அங்கேதான் இருக்கிறது, அதனால் அது நிறையக் காட்டும். அது பொய்யான நிறைவு. உச்சியைத் தாண்டி மூக்கு கீழே சாய்ந்ததும் தண்ணீர் அவ்வளவும் முன்னால் ஓடிவிடும், நெருப்புக்கு மேலே இருக்கும் தகடு காய்ந்துவிடும், அதிலிருக்கும் ஈய அடைப்பு உருகி ஊற்றி, நீராவி இறங்கி நெருப்பையே அணைத்துவிடும். அதனால் உச்சிக்கு ஒரு வளைவு முன்னாடியே, கண்ணாடி நிறையக் காட்டினாலும் அதை நம்பாமல் தண்ணீர் ஏற்ற ஆரம்பிக்க வேண்டும். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் உச்சியைத் தாண்டியதும் ஈயம் உருகும், திரை சாம்பல் நிறமாகும், பயணம் முடிந்தது என்று எழுத்து வரும். நீங்கள் போன் பண்ணி, "மறுபடியும் போச்சா? விடு, விளையாட்டுதான"ன்னு சிரிப்பீர்கள்.

சரி, மனுஷனுக்கு வரவில்லை, ஆனாலும் வந்து உட்காருகிறாரே என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கு அது போதும் என்றுதான் இருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முன்னாலிருந்து இரண்டு விசில் வந்தது. நான் வழக்கம்போல முட்டுக் கொடுக்க அவசரமாகக் கையை வைத்தேன். வண்டி அசையவில்லை. என் பதிலுக்காக முன்னால் காத்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டீர்களோ என்றுகூட நினைத்தேன். நான் இரண்டு ஊதினேன். உடனே, ஆனால் பதறாமல், முன் எஞ்சின் திறந்தது. வண்டி எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் நகர்ந்தது. வழுக்கும் வளைவில், வழுக்குவதற்கு முன்னாலேயே மணல் விழுந்திருந்தது. உச்சிக்கு முந்தைய வளைவில் முன்னால் இழுப்பு கொஞ்சம் தளர்ந்தது. பச்சைத் தண்ணீர் உள்ளே போனால் நீராவி குறையும், அதனால்தான் தளர்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பாரத்தை நான் வாங்கிக்கொண்டு தள்ளினேன். வண்டி உச்சியைத் தாண்டியது. ஈயம் உருகவில்லை. உச்சிக்கு மேல் தள்ள வேண்டியதில்லை, அதனால் வழக்கப்படி நான் கழன்று பின்தங்கினேன். அப்போது முன்னாலிருந்து ஒரே ஒரு நீள விசில் வந்தது. விதிப்படி அது தேவையே இல்லை. இத்தனை நாளில் நீங்கள் அப்படி ஒரு தடவைகூட ஊதியதில்லை.

நான் பதிலுக்கு ஊதினேன். ஊதிவிட்டு அழுதேன். இதை எழுதும்போது இப்போது எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது, ஆனாலும் நீங்கள் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அன்றைக்கு நீங்கள் போன் பண்ணியபோது, "என்னங்க, இன்னைக்கு இப்படி ஓட்டிட்டீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம்கூடத் தயங்காமல், "எல்லாம் உங்கிட்ட கத்துக்கிட்டதுதான்" என்றீர்கள். அந்த வாயில் ஒரு அச்சு எடுத்துப் பார்க்க வேண்டும், பல் எந்த வரிசையில் இருந்தால் இப்படிப் பொய் வரும் என்று.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளை நான் எப்படிச் சொல்ல. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் முகம் கழுவி, தலைவாரி, துவைத்த உடுப்பு ஒன்றை உடுத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். உங்கள் அம்மா பார்த்துவிட்டு, "எங்கயாவது வெளிய போறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வெட்கம் வந்தது. லேபில் பக்கத்து பெஞ்சுக்காரியிடம், "இவரு மாறிட்டாருப்பா, ஒரு விசிலுக்குக் காத்திருக்கத் தெரிஞ்ச மனுஷன் நாம பேசறதுக்கும் காத்திருப்பாரு" என்று பெருமை அடித்துக்கொண்டேன். அவள் ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டினாள். எல்லாரிடமும் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நான், அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் உங்களிடம் வருகிறேன் என்றேன். அந்த நீள விசிலுக்காகத்தான் சொன்னேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

நீங்களே உங்கள் வாயால் மாட்டிக்கொண்டீர்கள். பயணச்சீட்டு வந்த வாரம், பேச்சுக்கு வேறு விஷயம் இல்லை என்று போனில் நான் ரயில் பேச்சையே எடுத்தேன். உச்சிக்கு முன்னால் தண்ணீர் ஏற்றினீர்களே, எந்த இடத்தில் ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். எனக்குச் சும்மா தெரிந்துகொள்ள ஆசை. நீங்கள் என்ன சொன்னீர்கள் ஞாபகம் இருக்கிறதா? "நான் எங்க தண்ணி ஏத்துனேன்? ஏத்தத்துலதான் கண்ணாடி நிறைய காட்டுதே. மேல போற வரைக்கும் தண்ணியே வேண்டாம்" என்றீர்கள். பிறகு அங்கே போர்வை வாங்கணும், கனமான போர்வை வாங்கணும் என்று பேசிக்கொண்டே போனீர்கள். எனக்குப் போர்வை காதில் விழவில்லை. தண்ணீர் ஏற்றாமல் அந்த உச்சியைத் தாண்டியிருக்கவே முடியாது. வாராவாரம் தாண்டியிருக்கிறோம். அப்படியென்றால் ஏற்றியவர் யார்?

நான் உடனே கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் என் கேள்வியையும் நீங்களே முடித்துவிடுவீர்கள்.

போன ஞாயிறு வண்டி பாதி மலையில் சிக்னலுக்காக நின்றது. பச்சை விழுந்ததும் முன்னாலிருந்து இரண்டு விசில். நான் பதில் ஊதவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களாக இருந்தால் இந்நேரம் திறந்து, வழுக்கி, போனில் என்னைத் திட்டவும் ஆரம்பித்திருப்பீர்கள். வண்டி அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு விசில், இந்தத் தடவை மெதுவாக. உடம்புக்கு ஏதாவதா என்று கேட்பதைப் போல இருந்தது. திரையின் ஓரத்தில் எழுதும் இடம் இருக்கிறதே, நாம் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. அதில், "நீங்க யாரு?" என்று எழுதினேன்.

பதில் வந்தது: "அக்கா, மன்னிச்சிடுங்க. நான் அண்ணன் ரூம்ல இருக்கறவன்."

உங்கள் அறையில் இருக்கும் பம்ப் மெக்கானிக். கண்ணாடி தடிமனாகப் போட்டிருப்பார், எல்லாரும் சோடாபுட்டி என்று கூப்பிடுவோம் என்று நீங்களே ஒரு தடவை சொல்லிச் சிரித்தீர்களே, அவர்தான். நான் கேட்டதற்கெல்லாம் அவர் ஒளிக்காமல் எழுதினார். முதல் வாரம் உங்களுக்கு அசதி என்று அவரை உட்காரச் சொன்னீர்களாம். மறு வாரமும் சொன்னீர்களாம். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டதாம். "உங்களுக்குத் தெரியும்னு அண்ணன் சொன்னாரு அக்கா. இல்லன்னா நான் உக்காந்திருக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தார். உச்சியில் எதற்கு அந்த நீள விசில் என்று கேட்டேன். "அவ்வளவு தூரம் தள்ளிவிட்டவங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்ல" என்று எழுதினார். நான் ஊதியதை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. 'பரவாயில்லை' என்று எடுத்துக்கொண்டிருப்பார். நல்ல மனுஷன், அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

கடைசியாக, நீங்கள் எங்கே என்று கேட்டேன். எந்தப் பதிலுக்கும் நான் மனசைத் தயார் செய்து வைத்திருந்தேன். எவளோ ஒருத்தி வீடு என்று வந்தாலும் சரி, சீட்டாட்டம் என்று வந்தாலும் சரி. "அண்ணன் பின்னாடி கட்டில்ல தூங்குறாரு. எழுப்பட்டுமா?" என்று வந்தது.

வேண்டாம் என்று எழுதினேன்.

அப்போதே எழுந்து போயிருக்கலாம். ஆனால் வண்டி ஏற்றத்தில் பாதியில் நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு பாரத்தை நடுமலையில் விட்டுவிட்டு எழுந்து போக எனக்குக் கை வரவில்லை. அது பொம்மை வண்டிதான், தெரியும். இரண்டு விசில் ஊதினேன். அவர் திறந்தார், நான் தள்ளினேன். இரண்டு பேரும் பேசாமல் அதை உச்சிக்கு ஏற்றினோம். நான் பின்தங்கியபோது முன்னால் எந்த விசிலும் வரவில்லை. அவர் புரிந்துகொண்டு ஊதாமல் விட்டார். அந்த இங்கிதத்தில் ஒரு சிட்டிகை உங்களிடம் இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள், அறையை விட்டுப் போகச் சொல்லாதீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் முகத்தில் நான் முழிக்கவே மாட்டேன். வேறு விதமாகவும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தம்பி, அக்கா என்று கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும்.

அந்தத் தம்பி சொல்லியிருப்பார், மறுநாள் நீங்கள் போன் பண்ணினீர்கள். மன்னிப்புக் கேட்பீர்கள் என்று நினைத்தேன், அது என் தப்பு. "இதுக்குப் போயா முகத்த தூக்கி வச்சிருக்க? விளையாட்டுதான? வாரத்துல ஒருநாள்தான் தூங்கறேன்" என்றீர்கள். "வண்டி மேல ஏறுச்சா இல்லயா? அப்புறம் என்ன?" என்றீர்கள். அடுத்ததாக ஒன்று சொன்னீர்கள் பாருங்கள். "உனக்கும் பிடிச்சுத்தான இருந்துச்சு? நல்லா ஓட்டறீங்கன்னு வாராவாரம் நீதான சொன்ன?" என்று சிரித்தீர்கள். நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். கையில் ஒன்றுமில்லை. சோப்புப் போட்டு இரண்டாவது தடவையும் கழுவினேன்.

ஆமாம், பிடித்திருந்தது. அதுதான் எனக்குக் குமட்டுகிறது. என் புருஷன் என்று நினைத்து நான் யாரையோ ரசித்திருக்கிறேன். யாரோ ஒருவருடைய பொறுமையைக் கண்டு உங்களிடம் மயங்கியிருக்கிறேன். அதை நீங்கள் பின்னால் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டீர்கள். வாராவாரம் நான் உருகிப் பேசியதைக் கேட்டு, எல்லாம் உன்னிடம் கற்றதுதான் என்று சொல்லும்போது உங்களுக்கு நாக்கு கூசவில்லையா? ஓட்டியது எப்படி என்று அந்தத் தம்பியிடம் கேட்டுவைத்துக்கொண்டு என்னிடம் ஒப்பித்திருக்கிறீர்கள். தண்ணீர் விஷயத்தைக் கேட்டுவைக்க மட்டும் மறந்துவிட்டீர்கள்.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டுமே. "தூங்குனதெல்லாம் ஒரு குத்தமா? குடிச்சானா, கூத்தடிச்சானா?" என்று கேட்டார். அதுதான் அத்தை, அதைச் செய்திருந்தால்கூட எனக்குக் கத்திச் சண்டை போட ஒரு வழி இருந்திருக்கும், தூங்குகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. அப்புறம், "அவங்கப்பாவும் இப்படித்தான், என் தங்கச்சி கல்யாணத்துக்கு அவரு தம்பிய அனுப்பிட்டுப் படுத்துட்டாரு" என்றார். சாயங்காலம் பார்க்கிறேன், கட்டி வைத்த பெட்டியைத் திறந்து அவருடைய துணிகளைத் திரும்பவும் கொடியில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் அசந்து போகிறீர்கள், எனக்குத் தெரியாதா? ஐஸ் அறைக்குள் ஆறு நாள் நிற்கிற உடம்பு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "எனக்கு இந்த ரயில் பிடிக்கல, நான் தூங்கறேன்" என்று சொல்லியிருக்கலாம். நானும் சந்தோஷமாகப் போய்ப் படுத்திருப்பேன். எனக்கு மட்டும் என்ன ரயில் கிறுக்கா? உங்களுக்காக நான் கற்றுக்கொண்டேன், எனக்காக நீங்கள் ஆள் வைத்தீர்கள். இதை நான் எத்தனை பக்கமாகத் திருப்பிப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

இப்போது எனக்கு இருக்கிற பயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெஞ்சைப் புதுப் பெண்ணுக்கு விட்டுக்கொடுத்து, வீட்டை ஒழித்து, உங்கள் அம்மாவை இடம் மாற்றி, கடல் தாண்டி அங்கே வந்து இறங்குகிறேன். கூட்டிப்போக யார் வந்து நிற்பார்கள்? அசதி என்று அந்தத் தம்பியை அனுப்பிவிடுவீர்களோ? எனக்குக் காய்ச்சல் வந்தால் யார் உட்காருவார்கள்? நான் ஒன்று கேட்டால், கேட்டதற்குப் பதில் சொல்வது நீங்களா, இல்லை வேறு யாரிடமாவது கேட்டுவந்து சொல்வீர்களா? வீட்டில் ஒரே அறையில் இருந்துகொண்டே ஒரு மனுஷன் வராமல் இருக்க முடியும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இங்கே தனியாக இருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. அங்கே வந்து தனியாக இருக்க என்னால் முடியாது.

முதலாளியிடம், மாதக் கடைசி வரைக்கும் எனக்கு அவகாசம் கொடுங்கள், அதுவரைக்கும் என் பெஞ்சில் அந்தப் பெண்ணை உட்கார வைக்காதீர்கள் என்று கேட்டிருக்கிறேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார். பயணச்சீட்டை நான் ரத்து செய்யவில்லை. மேஜையில் அப்படியே கிடக்கிறது, துடைக்கும்போது தூக்கிவிட்டு மறுபடி அங்கேயே வைக்கிறேன். கம்ப்யூட்டரிலிருந்து ரயிலை எடுத்துவிட்டேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம், யாரும் உங்களைத் தேடமாட்டார்கள்.

என்னிடம் கேட்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது. இதற்கு போன் பண்ணாதீர்கள். போனில் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், நானும் ஏதோ ஒரு இடத்தில் சரி என்று சொல்லித் தொலைத்துவிடுவேன். ஒரு தாளை எடுத்து, மேஜையில் உட்கார்ந்து, எழுதுங்கள். நான் வர வேண்டுமா வேண்டாமா என்று எழுதுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதுங்கள், அதையும் என்னால் தாங்க முடியும். பிடிக்காததை எல்லாம் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள், என்னையும் சேர்த்து. நாலு வரி போதும். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, கோபமாக இருந்தால் பரவாயில்லை, அசிங்கமாகத் திட்டியிருந்தாலும் நான் உட்கார்ந்து படிப்பேன்.

ஆனால் அழகாக மட்டும் எழுதிவிடாதீர்கள். பொறுமையாக, பதமாக, என் மனசு அறிந்து ஒரு பதில் வந்தால், அதை எழுதியது நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கனமான போர்வையை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி